அகழ்ந்த மண்ணில் எண்ணெய்க் கசிவை அறிதல்

பெங்களூரு நகரில் எங்கு நோக்கினும் நிலம் தோண்டப்படுகின்றது. அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அடித்தளக் குழிகளும், வாகனங்களை நிறுத்தத் தரைக்கீழ் அறைகளும், குடிநீர், கழிவுநீர்க் குழாய்களுக்கு நீண்ட வாய்க்கால்களும் வெட்டப்படுகின்றன. மெட்ரோ ரயிலின் இரண்டாங் கட்டத்தில், டெய்ரி சர்க்கிள் முதல் நாகவாரா வரை சுமார் 14 கிலோமீட்டர் தூரத்துக்குச் சுரங்கப் பாதை குடையப்பட்டுள்ளது. இவ்வேலைகளில் வெளிவரும் மண் லாரிகளில் ஏற்றப்பட்டு, பள்ளங்களை நிரப்பவும், புதுமனைகளை மேடாக்கவும், சில வேளைகளில் ஏரிக்கரைகளிலும் கொட்டப்படுகின்றது.

அம்மண்ணில் பெட்ரோலோ டீசலோ ஊறியிருந்தால் என்ன நேரும்? ஓரிடத்தில் அடங்கிக் கிடந்த மாசு, நாம் கொடுத்த வாகனத்திலேயே ஏறி வேறோரிடத்திற்குக் குடிபெயர்ந்துவிடும். சேருமிடத்தில் இருப்போருக்கு அம்மண்ணின் பூர்வோத்தரம் தெரியாது. ஆகவே அகழும் குழியின் ஓரத்தில் நின்று மண்ணைச் சோதிப்பதே முதலாவதும், பெரும்பாலும் கடைசியுமான வாய்ப்பு. அச்சோதனையை எவ்வாறு செய்வது, எவ்வடையாளங்களை நம்பலாம், எவற்றை நம்பலாகாது என்பவற்றைக் களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணெய் மண்ணுக்குள் புகும் வழி

பெட்ரோல் விற்பனை நிலையங்களில் எண்ணெய் தரைக்கீழ்த் தொட்டிகளில் சேமிக்கப்படுகின்றது. பழைய எஃகுத் தொட்டிகளும் அவற்றை இணைக்கும் குழாய்களும் நாளடைவில் துருப்பிடித்துத் துளைபடுகின்றன. கசிவு ஒரு நாளைக்குச் சில துளிகளே ஆயினும், பல ஆண்டுகளில் அது பெருந்தொகையாகும். அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டு முதல் தரைக்கீழ்த் தொட்டிகளைக் கண்காணிக்கத் தொடங்கிய பின்னர், கசிவு உறுதி செய்யப்பட்ட இடங்கள் ஐந்து லட்சத்திற்கு மேற்பட்டன என்பது இதன் பரப்பைக் காட்டும். விற்பனை நிலையங்களைத் தவிர, பஸ் பணிமனைகள், வாகனப் பழுது பார்க்கும் பட்டறைகள், டீசல் மின்னாக்கிகள் நிறுவப்பட்ட தொழிற்சாலைகள், எண்ணெய் இறக்கும் ரயில் நிலையப் பகுதிகள், எண்ணெய்க் குழாய்ப் பாதைகள் ஆகியவையும் கசிவுக்கு இடமாகலாம்.

இதற்கு நமக்கு அண்மையிலேயே உதாரணம் உண்டு. சென்னையில் தண்டையார்பேட்டைப் பகுதியில் 2013-ஆம் ஆண்டில் குடியிருப்போரின் ஆழ்துளைக் கிணறுகளில் நீரோடு எண்ணெயும் வெளிவந்தது. துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கிடங்குக்குச் செல்லும் பாரத் பெட்ரோலிய நிறுவனத்தின் பழைய தரைக்கீழ்க் குழாயில் ஏற்பட்ட கசிவே இதற்குக் காரணமென அறியப்பட்டது. விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குச் சென்றது. இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்த சுன்னாகத்தில், மின் உற்பத்தி நிலையத்திலிருந்து வெளியேறிய எண்ணெய் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளின் வழியே கிணறுகளில் கலந்தது. அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் இரண்டு கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இவ்விரண்டு இடங்களிலும் மாசு முதன்முதலாகத் தெரியவந்தது குடிநீர்க் கிணற்றில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். மண்ணில் அறியப்படாத மாசு, இறுதியில் நீரில்தான் அறியப்படுகின்றது.

சிறிதளவு எண்ணெயும் ஏன் பொருட்படுத்தத் தக்கது?

பெட்ரோல் ஒரே பொருளன்று. பல நூறு ஹைட்ரோகார்பன்களின் கலவை. இவற்றுள் பெரும்பாலானவை நீரில் அரிதாகவே கரையும். ஆனால் பென்ஸீன் என்னும் பொருள் ஒரு லிட்டர் நீரில் சுமார் 1.8 கிராம் வரை கரையவல்லது. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது. குடிநீரில் அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டும் அளவு.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் இன்று விற்கப்படும் பெட்ரோலில் பென்ஸீன் கன அளவில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை இருக்கலாம். எனவே ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லிலிட்டர், அதாவது சுமார் 8.8 கிராம் பென்ஸீன் இருக்கக்கூடும். அது முழுவதும் நீரில் கரைந்துவிட்டதெனக் கொண்டால், 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் நீரை மேற்கூறிய எல்லை வரை கொண்டுவரப் போதுமானது. இயற்கையில் ஒரு பகுதி ஆவியாகும். ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் உண்டுவிடும். எனினும் கசிவின் அளவுக்கும் கேட்டின் அளவுக்கும் உள்ள தொடர்பை இக்கணக்கு தெளிவாக உணர்த்துகின்றது.

பழைய இடங்களில் மற்றொரு ஐயமும் எழும். ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நிறுத்தப்பட்டது. ஆதலால் அதற்கு முன்பு இயங்கிய விற்பனை நிலையத்தின் மண்ணில் ஈயத்தையும் சேர்த்துச் சோதிப்பது நலம்.

பெங்களூருவின் நிலத்தில் எண்ணெயின் போக்கு

பெங்களூருவின் அடியில் இருப்பது நைஸ் என்னும் மிகப் பழைய பாறை. லால்பாகில் மாணவர்கள் ஏறி விளையாடும் பெரும்பாறை இதன் வெளித்தோன்றிய பகுதியே. அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். இப்பாறையின் மேற்பகுதி காலப்போக்கில் சிதைந்து, இடைநிலையில் பொடிந்த பாறையாகவும், மேலே இரும்பு ஆக்ஸைடால் சிவந்த மண்ணாகவும் மாறியுள்ளது.

தொட்டியிலிருந்து கசியும் எண்ணெய் முதலில் செம்மண்ணின் நுண்துளைகளில் ஊறி நிற்கும். துளைகள் ஏற்கும் அளவுக்கு மேற்பட்ட எண்ணெய் கீழே இறங்கும். நிலத்தடி நீரை எட்டியதும், நீரைவிட இலேசானதாகையால் அதன்மேல் படலமாக மிதக்கும். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது படலமும் உயரும். கோடையில் இறங்கும்போது அதுவும் இறங்கும். இதனால் நீர்மட்டம் ஏறி இறங்கும் பகுதி முழுவதிலும் எண்ணெய் பூசப்பட்டதுபோல் தங்கிவிடுகின்றது. பாறையின் வெடிப்பை எட்டிய எண்ணெயோ எளிதில் ஊகிக்க முடியாத திசையில் செல்லும். இந்நகரில் ஆயிரம் அடியைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் பல உண்டு. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் அவற்றுள் பல வற்றியபோது நகரம் பட்ட துன்பத்தை அனைவரும் அறிவர். எஞ்சியுள்ள நிலத்தடி நீரைக் காப்பது எத்துணை அவசியம் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இங்குக் கட்டட வேலைக்கே உரிய ஓர் அபாயமும் உண்டு. அடித்தளக் குழியை உலர்த்துவதற்காக நீரை இடைவிடாது இறைக்கும்போது, சுற்றுப்புறத்து நிலத்தடி நீர் குழியை நோக்கி ஓடிவரும். அடுத்த மனையில் மிதந்து கிடந்த எண்ணெயும் அதனுடன் வந்து சேரலாம். ஆகவே முதல் நாள் தூயதெனக் கண்ட குழி, பத்தாம் நாளும் தூயதாகவே இருக்கும் என்று கொள்ளலாகாது.

தோண்டுவதற்கு முன்

சோதனை மண்வெட்டியுடன் தொடங்குவதன்று, ஏடுகளுடன் தொடங்குவது. மனையின் முந்தைய பயன் என்ன? பழைய நிலப்படங்கள், நகராட்சிப் பதிவுகள், பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமப் பதிவுகள் ஆகியவற்றில் இது தெரியவரும். அப்பகுதியில் நெடுநாள் வாழும் முதியோரை விசாரித்தலும் பயனுள்ளது. ‘இங்கே முன்பு லாரி ஷெட் இருந்தது’ என்ற ஒரு சொல், பல சோதனைகளின் செலவைக் குறைத்துவிடும். தரைக்கீழ் எண்ணெய்க் குழாய் அண்மையில் செல்கிறதா என்பதையும் குழாய் உரிமையாளரிடம் எழுத்து மூலம் கேட்டு அறிதல் வேண்டும்.

குழியோரச் சோதனைகள்

முதலாவது, நிறம். நல்ல செம்மண்ணில் எண்ணெய் ஊறி நெடுங்காலம் ஆகிவிட்டால், அதை உண்ணும் நுண்ணுயிர்கள் அங்குள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். அதன்பின் மண்ணிலுள்ள சிவந்த இரும்பு வேறு வடிவம் அடைந்து, மண் சாம்பல் அல்லது பசுஞ்சாம்பல் நிறம் கொள்ளும். சிவந்த சுவரின் நடுவே சாம்பல் நிறத் திட்டு காணப்பட்டால், அங்கு நின்று ஆராய்தல் வேண்டும்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்புவது தவறு. பெங்களூரு பல ஏரிகளின்மேல் எழுந்த நகரம். மெஜஸ்டிக் எனப்படும் கெம்பேகவுடா பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரியின் படுகையிலும், கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் படுகையிலும் அமைந்தவை. இத்தகைய இடங்களில் கரிய வண்டல் இயற்கையாகவே கிடைக்கும். அதற்கும் எண்ணெய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இரண்டாவது, மணம். ஏரி வண்டலில் அழுகிய முட்டையின் நாற்றம் எழும். அது ஹைட்ரஜன் ஸல்ஃபைடு. பெட்ரோலின் மணமும் டீசலின் மணமும் வேறானவை. எனினும் மண்ணைக் கையிலெடுத்து மூக்கருகே கொண்டு சென்று முகர்தல் ஒருபோதும் கூடாது. மூக்குக்குத் தெரியும் முன்னரே பென்ஸீன் பாதுகாப்பான அளவைக் கடந்திருக்கலாம். ஹைட்ரஜன் ஸல்ஃபைடோ செறிவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நின்ற இடத்தில் தானாக வந்த மணத்தைக் குறித்துக்கொள்வதே போதும்.

மூன்றாவது, குலுக்கல் சோதனை. தெளிந்த கண்ணாடிச் சீசாவில் ஒரு பங்கு மண்ணும் இரு பங்கு தூய நீரும் இட்டு, மூடிக் குலுக்கி, தெளியும்வரை வைக்கவும். நீரின்மேல் வானவில் நிறப்படலமோ எண்ணெய்த் துளிகளோ தோன்றினால் எண்ணெய் உண்டென ஐயுறலாம். தோன்றாவிட்டால் இல்லையென்று முடிவு செய்யலாகாது. சிறிய அளவை இச்சோதனை காட்டாது.

நான்காவது, படலச் சோதனை. குழியில் தேங்கிய நீரில் வானவில் நிறம் கண்டதும் பலர் அஞ்சுவர். இரும்பை உண்டு வாழும் சில பாக்டீரியாக்களும் இவ்வாறே பளபளக்கும் படலத்தை உண்டாக்கும். ஒரு குச்சியால் படலத்தைக் கீறிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பாக்டீரியாப் படலம் உடைந்த கண்ணாடிபோல் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நிற்கும். எண்ணெய்ப் படலமோ சுழன்று மீண்டும் ஒன்றுசேரும்.

ஐந்தாவது, ஆவிச் சோதனை. மூடக்கூடிய பாலிதீன் பையில் பாதியளவு மண்ணை இட்டு, இறுக மூடி, கட்டிகளை உடைத்து, பத்து நிமிடம் நிழலில் வைக்க வேண்டும். பின்னர் ஒளி அயனியாக்கக் கருவியின் நுனியைப் பைக்குள் செலுத்தி அளவைக் குறிக்க வேண்டும். அதே மனையின் ஐயமற்ற ஓரிடத்து மண்ணையும் இவ்வாறே அளந்து ஒப்பிடுதல் அவசியம். இக்கருவி ஆவியின் மொத்த அளவைக் காட்டுமேயன்றி, அது பென்ஸீனா வேறா என்று பிரித்துரைக்காது. எளிதில் ஆவியாகாத டீசலையும் கழிவெண்ணெயையும் அது சரிவரக் காட்டாது என்பதையும் மறக்கலாகாது.

இவ்வைந்தில் எந்த ஒன்றும் தனியே தீர்ப்புக் கூறாது. இரண்டு மூன்று அடையாளங்கள் ஒருங்கே அமையும்போதுதான் ஐயம் வலுப்பெறும். அவை யாவும் இல்லாதபோதும், மனையின் பழைய வரலாறு ஐயத்திற்கு இடமளித்தால் ஆய்வுக்கூடச் சோதனை செய்தே ஆகவேண்டும். நெதர்லாந்து நாட்டில் சீர்திருத்த நடவடிக்கையைக் கோரும் கனிம எண்ணெய் அளவு ஒரு கிலோ மண்ணில் 5,000 மில்லிகிராம், அதாவது 5 கிராம். ஒரு கிலோ மண்ணில் கலந்துவிட்ட ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் கண்ணால் மட்டும் கண்டறிய எவராலும் இயலாது.

மாதிரி எடுக்கும் முறை

ஆய்வுக்கூடத்து முடிவு, மாதிரி எடுத்தவரின் கவனத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு மீட்டர் ஆழத்திலும், நிறமோ மணமோ மாறும் இடத்திலும், செம்மண் முடிந்து பாறை தொடங்கும் எல்லையிலும் மாதிரி எடுத்தல் வேண்டும். மண் தோண்டும் யந்திரத்திலிருந்தே டீசலும் ஹைட்ராலிக் எண்ணெயும் சொட்டுவது உண்டு. ஆதலால் யந்திரத்தின் வாளியைத் தொட்ட மண்ணை விலக்கி, புதிதாக வெட்டிய முகப்பின் உட்புறத்திலிருந்து எடுக்க வேண்டும். ஆழ்குழிக்குள் ஆளை இறக்காமல், வாளியில் வந்த மண்கட்டியின் நடுப்பகுதியை எடுப்பதே பாதுகாப்பு.

மாதிரியைக் கண்ணாடிச் சீசாவில் வாய்வரை நிரப்பி, காற்றிடமின்றி உடனே மூட வேண்டும். இடம் விட்டால் இலேசான பொருள்கள் ஆவியாகிப் பிரிந்துவிடும். பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரி சென்டிகிரேடு அளவில் வைத்து விரைவில் அனுப்புதல் நலம். இடம், ஆழம், நாள், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒவ்வொரு சீசாவிலும் இருத்தல் வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடங்களில் வாயு நிறப்பகுப்பு முறையால் ஒவ்வொரு ஹைட்ரோகார்பனும் பிரித்து அளக்கப்படும்.

ஐயம் எழுந்தவுடன் செய்ய வேண்டியவை

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் படியும். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கவல்லது. எனவே மணம் உணரப்பட்டவுடன் வேலையை நிறுத்தி, யந்திரங்களை அணைத்து, ஆட்களைக் காற்று வரும் திசைப் பக்கமாக மேலேற்ற வேண்டும். வெடிக்கும் எல்லையில் பத்தில் ஒரு பங்கை ஆவி எட்டியதாக வாயுமானி காட்டினாலும், பிராணவாயு 19.5 சதவிகிதத்திற்குக் குறைந்தாலும் குழிக்குள் எவரும் இறங்கலாகாது. பற்றவைப்பு, வெட்டும் சக்கரம், பீடி, கைப்பேசி யாவும் அவ்விடத்தில் விலக்கத்தக்கவை. கசிவு இன்னும் தொடர்வதாகத் தோன்றினால் தீயணைப்புத் துறைக்கும், குழாய் அல்லது தொட்டியின் உரிமையாளருக்கும் உடனே அறிவிக்க வேண்டும்.

அடுத்து, ஐயத்திற்குரிய மண்ணைத் தனியே பிரித்து, கனத்த பிளாஸ்டிக் விரிப்பின்மேல் குவித்து, சுற்றிலும் சிறு கரை கட்டி, மழை படாமல் மூடிவைக்க வேண்டும். நல்ல மண்ணுடன் கலந்து ‘நீர்க்கச் செய்தல்’ தீர்வாகாது. மாசுபட்ட மண்ணின் அளவே அதனால் பெருகும். முடிவு வரும்வரை அக்குவியலிலிருந்து ஒரு லாரியும் புறப்படலாகாது. குழியிலிருந்து இறைக்கும் நீரை ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாயில் விடுதலும் கூடாது. அக்கால்வாய்கள் ஏரிகளில் சென்று சேர்கின்றன.

கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்குச் செய்தி எட்டவேண்டுவதும் கடமை. மாசுபட்ட இடங்களைக் கண்டறிந்து, ஆராய்ந்து, சீர்செய்வதற்கான விதிகளை மத்திய அரசு 2025-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்டுள்ளது. மாசுபடுத்தியவரே சீர்செய்யும் செலவை ஏற்கவேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. ஆனால் விதி செயற்படுவதற்கு முதலில் ஒருவர் கண்டு கூறவேண்டும். அவ்வொருவர் பெரும்பாலும் குழியோரத்தில் நிற்கும் மேற்பார்வையாளரே ஆவார். வேலை நின்றால் காலம் வீணாகும் என்ற அச்சத்தால் அவர் பேசாதிருக்கும்படி நேரலாகாது. ‘ஐயம் கண்டால் நிறுத்தும் அதிகாரம் மேற்பார்வையாளருக்கு உண்டு’ என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வைத்தல் பொறியாளரின் பொறுப்பு.

ஆசிரியர்களுக்கு

வகுப்பறையில் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ பயன்படுத்த வேண்டா. கடலை எண்ணெயே போதும். அடியில் துளையிட்ட இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளில் துளையைத் துணியால் மூடி, ஒன்றில் ஆற்று மணலும் மற்றொன்றில் செம்மண்ணும் நிரப்புக. இரண்டிலும் 50 மில்லிலிட்டர் எண்ணெயை ஊற்றி, மறுநாள் நீர் ஊற்றி, கீழே வடிவதைக் கண்ணாடிக் குவளைகளில் சேர்த்து அளக்கச் செய்க. ஊற்றிய எண்ணெய் முழுவதும் வெளிவருவதில்லை என்பதையும், எம்மண் எவ்வளவு எண்ணெயைப் பிடித்துக்கொள்கிறது என்பதையும் மாணவர்கள் தாமே காண்பர். மேலும் பல முறை நீர் ஊற்றினாலும் எஞ்சிய எண்ணெய் எளிதில் அகலாது. பின்னர் அதே மண்ணில் சிறிதை எடுத்துக் குலுக்கல் சோதனை செய்து காட்டலாம்.

இறுதியாக ஒரு கேள்வியை மாணவர்முன் வைக்கலாம்: தங்கள் பள்ளியின் விளையாட்டுத் திடலை மேடாக்கக் கொண்டுவந்த மண் எங்கிருந்து வந்தது? விடையை அறிந்தவர் யார் என்று அவர்கள் விசாரிக்கட்டும். மண்ணுக்கும் பிறப்பிடச் சீட்டு ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அவ்விசாரணையிலேயே அவர்கள் உள்ளத்தில் பதிந்துவிடும்.